காயலான் கடையின் ரெண்டு ரூபாய்: மறுசுழற்சித் தொழில் ஒரு மாநிலத்துக்கு என்ன சம்பாதித்துத் தருகிறது?

எங்கள் தெருமுனையில் ஒரு காயலான் கடை இருக்கிறது. காலை பத்து மணிக்குள் அதன் வாசலில் பத்துப் பதினைந்து மூட்டைகள் இறங்கிவிடும். போன வாரம் பழைய பேப்பர் போடப் போயிருந்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா, கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில்களின் மூடியைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தார். மூடி ஒரு சாக்கில், பாட்டில் ஒரு சாக்கில். லேபிளைக் கத்தியால் ஒரு கீறு கீறி உரித்துக் கீழே போடுவார். ஒரு பாட்டிலுக்கு நாலைந்து நொடிதான்.

"எதுக்குக்கா மூடியைத் தனியா எடுக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"மூடியோட போட்டா கிலோவுக்கு ரெண்டு ரூபா கம்மி பண்ணிடுவாங்க. மூடிக்குத் தனி ரேட்டு" என்றார்.

பாட்டில் பெட் (PET) என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. மூடி வேறு வகை பிளாஸ்டிக். இரண்டும் உருகும் சூடு வேறு. கலந்து உருக்கினால் அதிலிருந்து இழுக்கும் நூல் அறுந்துகொண்டே இருக்கும். ஆலையில் பாட்டிலைத் துண்டு துண்டாக வெட்டித் தண்ணீரில் கொட்டினால் மூடித் துண்டு மிதக்கும், பாட்டில் துண்டு மூழ்கும், அப்படியும் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குத் தொட்டி வேண்டும், தண்ணீர் வேண்டும், கரண்ட் வேண்டும். அந்தச் செலவில் ஒரு பங்கை இந்த அக்காவின் விரல்கள் மிச்சப்படுத்துகின்றன. அதற்கான விலைதான் ரெண்டு ரூபாய்.

ஒரு மாநிலத்தின் மறுசுழற்சித் தொழிலால் பொருளாதாரத்துக்கு என்ன பயன் என்று யாராவது கேட்டால், நான் இந்த ரெண்டு ரூபாயிலிருந்துதான் தொடங்குவேன். ஒரு பொருளின் மேல் உழைப்பு ஏறும்போது அதன் விலை எவ்வளவு கூடுகிறதோ, அதற்குப் பெயர் மதிப்புக் கூட்டல். ஒரு மாநிலத்தின் உற்பத்தி மதிப்பு என்று செய்தித்தாளில் பெரிய எண்ணாகப் போடுகிறார்களே, அது இப்படிப்பட்ட சின்னச் சின்னக் கூட்டல்களைச் சேர்த்து வருவதுதான்.

ஒரு அட்டைப்பெட்டியின் கணக்கு

இங்கே புதிதாகப் படிப்பவர்கள் எல்லோரும் ஒரு இடத்தில் தடுக்கி விழுவார்கள். நானும் விழுந்திருக்கிறேன். அதனால் ஒரு அட்டைப்பெட்டியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் நிஜச் சந்தை விலைகள் அல்ல, கணக்கு எளிதாக வருவதற்காக நான் போட்டவை.

வீட்டில் கிடந்த ஒரு கிலோ அட்டையைப் பழைய பேப்பர்காரர் 8 ரூபாய்க்கு எடுக்கிறார். காயலான் கடையில் 11 ரூபாய்க்குப் போடுகிறார். கடைக்காரர் அதைப் பெரிய குடோனுக்கு 13 ரூபாய்க்குத் தள்ளுகிறார். குடோனில் ஈரம் பார்த்து, டேப்பையும் பிளாஸ்டிக்கையும் எடுத்து, இயந்திரத்தில் அழுத்திக் கட்டி மில்லுக்கு 17 ரூபாய்க்கு அனுப்புகிறார்கள். மில் அதைக் கூழாக்கிப் பழுப்பு நிறக் கிராஃப்ட் காகிதமாக்கி 32 ரூபாய்க்கு விற்கிறது. அட்டைப்பெட்டிக் கம்பெனி அதைப் புதுப் பெட்டியாக்கி 50 ரூபாய்க்குத் தருகிறது. (ஒரு கிலோ பழைய அட்டையில் ஒரு கிலோ காகிதம் முழுசாக வராது. அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.)

இந்தத் தொழில் எவ்வளவு பெரியது என்று காட்ட ஆசைப்படுபவர் எல்லா விற்பனையையும் கூட்டிவிடுவார்: 8, 11, 13, 17, 32, 50. மொத்தம் 131 ரூபாய். இது புரண்ட பணம், அவ்வளவுதான். பேப்பர்காரரின் 11 ரூபாய்க்குள் வீட்டுக்காரரின் 8 ரூபாய் இருக்கிறது. மில்லின் 32க்குள் குடோனின் 17 இருக்கிறது. ஒரே காசை ஆறு தடவை எண்ணியிருக்கிறோம். ஒவ்வொருவரும் தன் பங்குக்குச் சேர்த்ததை மட்டும் எடுத்தால் 8, 3, 2, 4, 15, 18. கூட்டினால் 50. மில் சேர்த்த 15 ரூபாயிலும் கரி, மின்சாரம், ரசாயனம் என்று வெளியே கொடுத்ததைக் கழித்துப் பார்க்கவேண்டும். மிச்சம்தான் கூலியாகவும் வட்டியாகவும் லாபமாகவும் மில்லுக்குள் நிற்பது.

"இத்தனை ஆயிரம் கோடி ரூபாய்த் தொழில்" என்று எங்காவது படித்தால் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான்: சொல்வது புரண்ட பணமா, கூட்டிய மதிப்பா? இரண்டுக்கும் நடுவே பல மடங்கு வித்தியாசம் இருக்கும்.

திருப்பூர்ப் பக்கம் போய்ப் பார்ப்போம்

தமிழ்நாட்டில் மறுசுழற்சியைத் தொழிலாகப் பார்க்க ஒரே ஓர் ஊருக்குத்தான் போகமுடியும் என்றால் நான் திருப்பூரைச் சொல்வேன். பனியன் துணியை வெட்டும்போது கையிடுக்கு, கழுத்து வளைவு என்று ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு துண்டாக விழுந்துவிடும். அங்கே அதைக் கட்டிங் வேஸ்ட் என்பார்கள். பேருக்குத்தான் அது வேஸ்ட். அதை வாங்கவும் விற்கவும் பிரிக்கவும் என்றே நிறையக் குடோன்கள் இருக்கின்றன.

குடோனுக்குள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து துண்டுகளை நிறம் நிறமாகப் பிரிக்கிறார்கள். வெள்ளை தனி, கறுப்பு தனி. நீலத்திலேயே மூன்று நாலு வகை. பாலியெஸ்டர் கலந்த துண்டைக் கையில் தொட்ட உடனே ஒதுக்கிவிடுகிறார்கள். கொஞ்சம் பெரிய துண்டுகள் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் கை துடைக்கும் வேஸ்ட் துணியாகப் போகும். மற்றவற்றை இயந்திரத்தில் பிய்த்துப் பழையபடி பஞ்சாக்குகிறார்கள். அந்தப் பஞ்சு, ஓ.ஈ. மில் என்று சொல்லப்படும் நூற்பாலைகளுக்குப் போய்த் தடிமனான நூலாகிறது. அந்த நூல்தான் கரூர், ஈரோடு பக்கத்தில் பெட்ஷீட்டாகவும், சமையலறைத் துண்டாகவும், கால்மிதியாகவும் மாறுகிறது.

நிறம் பிரிப்பதில் இன்னொரு பெரிய லாபம் ஒளிந்திருக்கிறது. நீலத் துண்டிலிருந்து வரும் நூல் நீலமாகவே வரும், மறுபடி சாயம் போடவேண்டியதில்லை. திருப்பூருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நொய்யல் ஆற்றின் கதை தெரிந்தவர்களுக்குப் புரியும். சாயக் கழிவுநீர் ஆற்றிலும் ஒரத்துப்பாளையம் அணையிலும் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் நிலமும் கிணறும் பாழாகின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றிய ஆலைகள்தான் பிறகு திரும்பத் திறந்தன. இன்று அங்கே தண்ணீரில் பெரும்பகுதியைச் சுத்தப்படுத்தித் திரும்ப எடுக்கிறார்கள், உப்பையும் மீட்டு மறுபடி சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். இதுவும் மறுசுழற்சிதான், ஆனால் செலவு பிடிக்கும் மறுசுழற்சி. அப்படிப்பட்ட ஊரில் சாயமே தேவைப்படாத நூலுக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது வேலைவாய்ப்புக் கணக்குக்கு வருவோம். பொருளாதாரக்காரர்கள் இதை மூன்று வளையமாகப் பார்ப்பார்கள். துண்டு பிரிக்கும் பெண்களும் ஓ.ஈ. மில் தொழிலாளர்களும் நேரடி வளையம். அந்த மூட்டைகளை ஏற்றும் லாரிக்காரர், மில் இயந்திரத்துக்கு உதிரிபாகம் செய்யும் கோயம்புத்தூர்ப் பட்டறைக்காரர், சாக்கு விற்பவர் எல்லோரும் மறைமுக வளையம். துண்டு பிரித்த அக்கா சனிக்கிழமை கூலியை வாங்கி மளிகைக் கடையிலும், பிள்ளையின் பள்ளிக்கூடத்திலும், பேருந்திலும் செலவு செய்கிறாரே, அதனால் பிழைப்பவர்கள் மூன்றாவது வளையம். இதைத் தூண்டப்பட்ட விளைவு என்பார்கள்.

மூன்றாவது வளையத்தில் எண்ணை ஊதிப் பெருக்குவது ரொம்பச் சுலபம். துண்டு பிரிக்கும் வேலை இல்லாவிட்டால் அந்த அக்கா வேறு வேலைக்குப் போயிருப்பார், அங்கே வாங்கும் கூலியையும் அதே மளிகைக் கடையில்தான் கொடுத்திருப்பார். அதைக் கழிக்காமல் சொல்லும் எண்ணை நான் முழுசாக நம்பமாட்டேன்.

அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் இப்படி ஒரு கணக்கை வெளியிட்டது. 2012ஆம் ஆண்டின் தரவுகளை வைத்துப் போட்ட கணக்கு அது. மறுசுழற்சியாலும் மறுபயன்பாட்டாலும் அந்த நாட்டில் 6,81,000 வேலைகள், 3,780 கோடி டாலர் சம்பளம், 550 கோடி டாலர் வரி என்று வந்தது. ஆயிரம் டன்னுக்கு 1.17 வேலை. எனக்கு இதில் கடைசி எண்தான் முக்கியமாகப் படுகிறது. அங்கே லாரியில் கை நீட்டும் இயந்திரம் குப்பைத் தொட்டியைத் தூக்குகிறது, ஆலையில் காந்தமும் ஒளிக்கண்ணும் பொருளைப் பிரிக்கின்றன. நம் ஊரில் ஆயிரம் டன் அட்டை மில்லுக்குப் போய்ச் சேர்வதற்குள் அதைவிட எவ்வளவோ அதிகம் பேரின் கை பட்டிருக்கும். வேலை அதிகம் என்று அதற்காக மட்டும் சந்தோஷப்பட முடியாது, ஆளுக்குக் கிடைக்கும் கூலியையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

வெளியே போகும் காசு

ஒரு மாநிலத்துக்குள் காசு எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்பது அடுத்த விஷயம். உடுமலைப்பேட்டை, ஈரோடு, திண்டுக்கல் பக்கத்துக் கிராஃப்ட் காகித மில்கள் நம் ஊர்ப் பழைய அட்டையை வாங்குகின்றன. அது போதாமல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பயன்படுத்தித் தூக்கிப் போட்ட அட்டை தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னரில் வந்து இறங்குகிறது. நம்மிடம் குப்பைக்குப் பஞ்சமில்லை. பிறகு ஏன் குப்பையைக் காசு கொடுத்து இறக்குமதி செய்யவேண்டும்? ஒரு காரணம், காகித நார் ஒவ்வொரு முறை கூழாகும்போதும் குட்டையாகிக்கொண்டே போகும். ஐந்தாறு சுற்றுக்குமேல் தாங்காது. அங்கிருந்து வரும் அட்டையில் நீளமான நார் அதிகம். இன்னொரு காரணம் நம் வீட்டுக் குப்பைக்கூடைக்குள் இருக்கிறது. மிச்சச் சாம்பாரும் அட்டையும் ஒரே கூடையில் விழுந்தால் அந்த அட்டையை எந்த மில்லும் எடுக்காது. அந்த அளவுக்கு டாலர் வெளியே போகிறது.

இரும்பில் இதுவே நமக்குச் சாதகமாக நடக்கிறது. இரும்புத்தாது நமக்குக் கர்நாடகம், ஒடிசா பக்கமிருந்து வரவேண்டிய பொருள். பழைய இரும்போ தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. கோயம்புத்தூர் லேத் பட்டறைகளில் விழும் இரும்புத் துருவலும் தகட்டு வெட்டும் ஃபவுண்டரி உலைகளுக்குப் போய் மோட்டார் பம்பின் உடலாகத் திரும்பி வருகின்றன. கும்மிடிப்பூண்டிப் பக்கத்து மின்தூண்டல் உலைகள் பழைய இரும்பை உருக்கி வீடு கட்டும் கம்பியாக்குகின்றன. அலுமினியத்தில் மிச்சம் இன்னும் அதிகம். தாதுவிலிருந்து எடுக்க ஆகும் சக்தியில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் பழைய அலுமினியத்தை உருக்க ஆகும். ஓட்டை விழுந்த இட்லிக் குண்டானுக்கு நல்ல விலை கொடுக்கிறார்கள் என்றால் அதற்கு இதுதான் காரணம்.

கரூர் புகழூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் மற்றும் காகித நிறுவனத்தையும் சொல்லவேண்டும். 1979இல் தொடங்கிய அரசு நிறுவனம். சர்க்கரை ஆலைகள் கரும்புச் சக்கையை எரித்துக் கொதிகலன் ஓட்டிக்கொண்டிருந்தன. "சக்கையை எங்களுக்குக் கொடுங்கள், நீங்கள் எரிக்க வேறு எரிபொருளை நாங்கள் தருகிறோம்" என்று மாற்று ஏற்பாடு செய்து, மரத்தை மட்டும் நம்பாமல் சக்கையில் காகிதம் செய்தார்கள். அங்கே மிஞ்சும் சுண்ணாம்புச் சேற்றையும் சாம்பலையும் வைத்து சிமென்டும் செய்கிறார்கள். ஒருவர் கழிவு இன்னொருவர் மூலப்பொருள் என்பதை நான் படித்தது புத்தகத்தில், நன்றாகப் புரிந்தது இந்தக் கதையில்.

செலவாகாத காசு

வருமானத்தை மட்டும் பார்த்தால் பாதிக் கணக்குதான் தெரியும். கழிவைப் பிரிக்காமல் கொட்டினால் ஆகும் செலவு என்ன? சென்னை கொடுங்கையூரில் 250 ஏக்கருக்கும் மேலான குப்பைமேட்டைத் தோண்டி, சலித்து, பிரித்து அப்புறப்படுத்தும் வேலைக்குச் சுமார் 640 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே கிடப்பது 66 லட்சம் டன்னுக்கும் மேல். வகுத்துப் பார்த்தால் டன்னுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. பல வருடத்துக்கு முன் யாரோ பிரிக்காமல் விட்ட ஒரு டன்னுக்கு இன்று நாம் கட்டும் பில் இது. அந்தச் சுற்றுவட்டாரத்து மக்கள் புகையை மூச்சில் இழுத்த வருடங்கள் இதில் சேரவில்லை.

அப்படியானால் காயலான் கடைக்குப் போகும் ஒவ்வொரு டன்னும் மேட்டுக்குப் போகாத டன். அந்த ஆயிரம் ரூபாயை யாரும் அக்காவின் கணக்கில் வரவு வைப்பதில்லை. அவருக்குக் கிடைப்பது பாட்டிலின் விலை மட்டும்.

கழிக்கவேண்டியதும் உண்டு. பழைய கார், இன்வெர்ட்டர் பேட்டரியில் இருக்கும் ஈயத்துக்கு நல்ல விலை கிடைக்கிறது. முறையான ஆலையில் அமிலத்தையும் புகையையும் பிடித்துச் சுத்தப்படுத்தி உருக்குவார்கள். ஊருக்கு வெளியே கொட்டகை போட்டு உடைத்து உருக்குபவருக்கு அந்தச் செலவு எதுவும் இல்லை, அதனால் பழைய பேட்டரிக்குக் கூடுதல் விலை கொடுக்க முடிகிறது, பேட்டரியும் அவரிடமே போகிறது. ஈயத் தூசு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் ரத்தத்தில் கலந்தால் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். அந்த இழப்பைக் கழிக்காமல், அவர் விற்ற ஈயத்தை மட்டும் மாநில வருமானத்தில் சேர்ப்பது தப்புக் கணக்கு.

சில பொருள்களுக்கு விலையே எதிர்மறை. பிஸ்கட் உறையும் ஷாம்பு சாஷேயும் பல அடுக்கு ஒட்டிய பிளாஸ்டிக், காயலான் கடையில் சும்மா கொடுத்தாலும் எடுக்கமாட்டார்கள். அவற்றை அரியலூர் போன்ற இடங்களின் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புகிறார்கள். லாரி வாடகைக்கு யாரோ காசு கொடுத்தால்தான் அதுகூட நகரும். அந்த யாரோ என்பவர் உறையைத் தயாரித்து விற்ற கம்பெனியாக இருக்கவேண்டும் என்பதுதான் பிளாஸ்டிக், மின்னணுக் கழிவு, பேட்டரி விதிகளில் இப்போது இருக்கும் உற்பத்தியாளர் பொறுப்பு.

குப்பைக்கு விலை இல்லாத இடத்தில் விலையை உண்டாக்கவும் முடியும். டாஸ்மாக் பாட்டில் அதற்கு உதாரணம். காட்டில் வீசிய கண்ணாடி பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலையில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022இல் நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பத்து ரூபாயைத் தரத் தொடங்கினார்கள். நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் திரும்பி வந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் இந்தத் திட்டம் விரிந்தது. காலி பாட்டிலை வாங்கி அடுக்கும் வேலை கடை ஊழியர்கள் தலையில் கூடுதலாக விழுந்தது என்ற முறையீடும் கூடவே எழுந்தது, அதில் நியாயம் இருக்கிறது. திரும்ப வாங்குவதும் ஒரு வேலைதான், அதற்குத் தனி ஆளும் தனிக் கூலியும் வேண்டும்.

விலை யார் கையில்?

அக்காவின் ரெண்டு ரூபாயை முடிவு செய்வது காயலான் கடைக்காரர் இல்லை. கச்சா எண்ணெய் விலை இறங்கினால் புதுப் பிளாஸ்டிக் மலிவாகிவிடும், பழைய பாட்டிலைக் கேட்க ஆள் குறையும். 2018இல் சீனா வெளிநாட்டுக் கழிவுகளுக்குக் கதவைச் சாத்தியபோது உலகச் சந்தையில் பழைய காகிதத்தின் விலை சரிந்தது, அந்தக் காகிதம் மற்ற நாடுகளின் பக்கம் திரும்பியது. எங்கோ எடுத்த முடிவு நம் தெருத் தராசில் வந்து இறங்கும் விதம் இதுதான். ஓ.ஈ. மில்காரர்களுக்கும் இதே பாடு. நூற்பாலையில் பஞ்சைச் சீவும்போது விழும் குட்டை நாரையும் அவர்கள் வாங்குகிறார்கள். புதுப் பஞ்சின் விலை ஏற ஏற அதன் விலையும் ஏறும். கால்மிதி வாங்குபவரோ அந்த அளவுக்குக் கூட்டித் தரமாட்டார். நடுவில் மில் ஷிஃப்டைக் குறைக்கும்.

வரியும் இதில் கொஞ்சம் சிக்கலானது. சின்ன வியாபாரிகளுக்கு ஜி.எஸ்.டி. பதிவு இருக்காது. நடுவில் போலி பில் போட்டு வரியோடு மறைந்துபோகிறவர்களும் இருந்தார்கள். அதனால் 2024 அக்டோபர் 10 முதல், பதிவில்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கும் பதிவு பெற்ற வியாபாரியே அந்த வரியைக் கட்டவேண்டும் என்று மாற்றினார்கள். பழைய இரும்பு அரசின் கணக்குப் புத்தகத்துக்குள் வர இது ஒரு வழி. இரும்பு கணக்குக்குள் வந்துவிட்டது, அதைச் சுமந்து வந்தவர் இன்னும் வரவில்லை. அக்காவும் தள்ளுவண்டிக்காரரும் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லை. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இவர்களை அடையாளம் கண்டு, உள்ளாட்சியின் கழிவுப் பணியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தன. பழைய பேப்பருக்கான காசை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அக்காவிடம் அடையாள அட்டை எதுவும் வாங்கியிருக்கிறாரா என்று கேட்டேன்.

"பேர் எழுதிட்டுப் போனாங்க தம்பி, அப்புறம் யாரும் வரல" என்றார். அன்று அவர் போட்ட பாட்டில் பதினோரு கிலோ, மூடி முக்கால் கிலோ.